பூட்டிய அறை

நம் கலாசாலை மாணவருள் சித்திரத்திலும் கவிதையிலும் பற்றுள்ள சிலர், "உண்மையான கலைஞனுக்கு உலகத்தார் தயவு எதற்கு? அவன் தன் வேலையைச் செய்துவிட்டுப் போவான், காலம் அதனைத் தானே கண்டெடுத்துக்கொள்ளும்" என்று பேசக் கேட்டிருக்கிறேன். செவிக்கு இனிய பேச்சுத்தான். ஆயினும் காலத்துக்குக் கையுமில்லை, கண்ணுமில்லை. கண்டெடுப்பது எப்பொழுதும் ஒரு மனிதரே. இதனை வற்புறுத்த ஓர் அமெரிக்கச் சித்திரக்காரரின் சரிதையை இங்கே எழுதத் துணிகின்றேன். அவரை அந்நாட்டார் "வட்டாரச் சித்திரக்காரர்" என்னும் வகையில் அடக்கிவிடுவதுண்டு. அச்சொல்லில் சற்றே ஏளனமும் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

வால்ட்டர் ஆண்டர்ஸன் என்பது அவர் பெயர். 1903ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிறந்தார். பிலடெல்பியாவிலுள்ள பெயர்பெற்ற பென்ஸில்வேனியாச் சித்திரக் கலாசாலையில் பயின்று, பரிசுப் பணம் பெற்று ஐரோப்பாவுக்குச் சென்று, பிரான்ஸ் தேசத்துக் குகைகளில் ஆதி மனிதர் தீட்டிய மிருக உருவங்களைக் கண்டார். அதன்பின் பாரிஸிலாவது நியூயார்க்கிலாவது தங்கியிருப்பாரென்று நாம் எதிர்பார்ப்போம். அவரோ மிஸிஸிப்பி மாகாணத்துக் கடற்கரையில், ஓஷன் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூருக்குத் திரும்பினார். அங்கே அவர் தமையனார் பீட்டர் 1928இல் ஒரு மட்பாண்டச் சாலையைத் தொடங்கியிருந்தார். அதில் பாண்டங்களுக்குச் சித்திரம் தீட்டியும், விற்பனைக்காகச் சிறு பொம்மைகள் செய்தும் வயிறு வளர்த்தார். 1933இல் ஆக்னஸ் கிரின்ஸ்டெட் என்பவரை மணந்தார். நான்கு மக்கள் பிறந்தனர்.

1930களின் பிற்பகுதியில் அவருக்குச் சித்தம் கலங்கிற்று. பல வைத்தியசாலைகளில் மாறி மாறி வைத்திருந்தும் பூரண குணம் ஏற்படவில்லை. ஒரு முறை படுக்கைத் துணிகளை முடிந்து கயிறாக்கிச் சன்னல் வழியே இறங்கி ஓடிப்போனாராம். போகும் வழியில் வெளிச்சுவரெல்லாம் சவர்க்காரத்தால் பறக்கும் பறவைகளை எழுதிவிட்டுப் போனாரென்று சொல்லுவர். பிற்பாடு மனைவியின் தகப்பனார் வீட்டில் சில ஆண்டுகள் தங்கினார். அக்காலத்தில் லினோலியத் தகடுகளில் உருவங்களைச் செதுக்கி, சுவரில் ஒட்டும் காகிதத்தின் பின்புறத்தில் நீண்ட படங்களாக அச்சிட்டார். ஏழைகளும் வாங்கி வீட்டில் மாட்டக்கூடிய விலையில் நல்ல சித்திரம் கிடைக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னே இது தேவைப்படும்.

1940களின் இறுதியில் மனைவி மக்களை விட்டுப் பிரிந்து, அதே வளவில் ஒரு சிறு குடிலில் தனியே வாழத் தலைப்பட்டார். அங்கிருந்து ஓட்டைப் படகொன்றில் துடுப்புப் போட்டு, சுமார் 12 மைல் தொலைவிலுள்ள ஹார்ன் தீவுக்குப் போவார். மெக்ஸிகோ வளைகுடாவில் மணல்மேடும் பைன் மரமும் உப்பங்கழியும் அன்றி வேறொன்றுமில்லாத தீவு அது. இரவில் படகைக் கவிழ்த்து அதன் கீழ் உறங்குவார். பகலில் கழுத்தளவு தண்ணீரில் நின்றும், சேற்றில் தவழ்ந்தும், நண்டு, ஆமை, தவளை, கூழைக்கடா, கொக்கு ஆகியவற்றை நீர்வர்ணத்தால் எழுதுவார். எழுதிய தாள் தட்டெழுத்து இயந்திரத்துக்குரிய சாதாரணத் தாள். எட்டரை அங்குல அகலம், பதினோரங்குல நீளம். இப்படிச் சென்ற ஆண்டுகள் ஏறக்குறைய பதினெட்டு. 1965 செப்டம்பரில் "பெட்ஸி" என்னும் சூறாவளி வந்தபொழுதும் கரைக்குத் திரும்பாமல் தீவிலேயே இருந்தார். அதே ஆண்டு நவம்பர் 30ஆந் தேதி நுரையீரல் புற்றுநோயால் காலமானார். ஒரு தீவு ஒரு மனிதனின் கண்ணுக்குப் போதாதென்று எண்ணுவோர் அவர் தீட்டிய ஒரு நண்டைப் பார்த்தல் நலம்.

ஊரார் அவரை எங்ஙனம் நடத்தினர்? ஊர்ப் பொது மண்டபம் ஒன்று கட்டப்பட்டது. அதன் சுவர்களில் தாம் சித்திரம் எழுதித் தருவதாக அவர் முன்வந்தார். பேசிய கூலி ஒரு டாலர். ஒரு பக்கம் 1699இல் பிரெஞ்சுக்காரர் அக்கரையில் வந்திறங்கிய காட்சி. மறுபக்கம் ஏழு கிரகங்களோடு பொருந்திய பருவங்களும், அக்கரையின் பறவை விலங்குகளும். மூவாயிரம் சதுர அடி அளவுள்ள வேலை! பலருக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளையடித்து மறைத்துவிட வேண்டுமென்றும் பேச்சு எழுந்தது. நல்ல வேளையாக வெள்ளையடிக்க எவரும் வரவில்லை. சோம்பலும் சில சமயம் கலைக்குத் துணைசெய்கின்றது போலும்.

அவர் இறந்தபின் அம்மையார் அக்குடிலுக்குச் சென்றார். அங்கே ஓர் அறை பூட்டிக் கிடந்தது. உயிரோடிருந்தவரை அதனுள் எவரையும் அவர் விட்டதில்லை. கதவைத் திறந்தபொழுது, நான்கு சுவரும் மேற்கூரையும் முழுமையும் வர்ணம்: கிழக்கே விடியல், பின்பு நண்பகல், அந்தி, இரவு என ஒரு நாளின் போக்கு, சேவலும் நாரையும் பூக்களும் பூனையும், புகைபோக்கியில் ஒரு பெண்ணுருவம். நூற்றுநான்காம் சங்கீதத்தோடு அதனை ஒப்பிட்டுப் பேசுதல் வழக்கமாயிற்று. குடிலில் ஆயிரக்கணக்கான நீர்வர்ணத் தாள்களும் இருந்தன. அவற்றுட் சிலவற்றை அவர் அடுப்பு மூட்டவே பயன்படுத்தினார் என்பர்.

பூட்டியதைத் திறந்தது சரியா என்று கேட்பவருண்டு. ஒருவர் மறைத்து வைத்ததை உலகம் பார்ப்பது அத்துமீறல் அன்றோ என்பது அவர் வாதம். நான் இதனை எளிதில் தள்ளிவிடவில்லை. கடிதமோ நாட்குறிப்போ ஆனால் தயங்குவேன். ஆனால் ஏழை வீட்டுச் சுவருக்கென்று படம் அச்சிட்டவரும், ஒரு டாலருக்குப் பொது மண்டபம் எழுதியவரும் ஜனங்களை வெறுத்தவர் அல்லர். ஜனங்களின் பேச்சைத் தாங்கமாட்டாதவர், அவ்வளவே. ஆகையால் திறந்தது சரியே என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் புகழைப் பங்கிடும்பொழுது நாம் தவறு செய்கிறோம். தீவும் படகும் சூறாவளியும் சொல்லச் சுவையானவை. பள்ளிக்கூட ஆசிரியையாக உழைத்து நான்கு குழந்தைகளை வளர்த்த அம்மையார் கதையை யார் பாடுகிறார்கள்? கைவிட்டுச் சென்ற கணவரின் தாள்களை அடுப்பிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காத்தவர் அவர். தம் வாழ்க்கையை 1989இல் நூலாக எழுதினார். கணவரின் பைத்தியத்தையும் தம் துயரத்தையும் மறையாது எழுதினார். தீவில் அவர் எழுதிய குறிப்புகள் 1973இல் வெளிவந்தன. 1991இல் பொது மண்டபத்தை ஒட்டியே அவர் பெயரால் ஒரு சித்திரசாலை எழும்பியது; பூட்டிய அறையும் அங்கே பெயர்த்துக் கொண்டுவந்து வைக்கப்பட்டது. 2003இல், பிறந்த நூறாண்டு நிறைவில், தலைநகராகிய வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் நிலையத்தார் பொருட்காட்சி நடத்தினர். இவற்றுள் எது "காலம்" தானாகச் செய்தது?

இனி, தீவும் காக்கப்பட்டது. 1971இல் அக்கரையும் தீவுகளும் தேசியக் கடற்கரையாயின. 1978இல் ஹார்ன் தீவு வனாந்தரக் காப்பு நிலமாயிற்று. அவருடைய இறுதி ஆண்டுகளில் பூச்சிமருந்தால் அவ்வட்டாரத்தில் அருகிப்போன பழுப்புக் கூழைக்கடா, 1972இல் அம்மருந்து தடுக்கப்பட்ட பின் மெல்லப் பெருகி, 2009இல் அழியுந் தறுவாயிலுள்ள பிராணிகளின் பட்டியலினின்று நீங்கியது.

2005 ஆகஸ்ட் 29ஆந் தேதி "கத்ரீனா" சூறாவளி அவ்வூரைத் தாக்கிற்று. சித்திரசாலை தப்பியது. மட்பாண்டச் சாலையின் கட்டடங்கள் பல அடித்துச் செல்லப்பட்டன. குடும்பத்தார் தாள்களைப் பத்திரமாய் வைத்திருந்த கல்லறைக்குள் கடல்நீர் புகுந்து அனைத்தையும் நனைத்துவிட்டது. 1991இல் காலமான அம்மையார் அதனைப் பார்க்க இல்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேறு படிந்த தாள்களை வெளியே எடுத்து, ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்து உலர்த்தத் தொடங்கினர்.