சின்னப் பிள்ளைதானே, தேறிவிடும்!

பைக்கின் பெட்ரோல் டேங்க் மீது உட்கார்ந்து வந்த குழந்தை தூக்கி வீசப்படுகிறது. தலையில் பலத்த அடி. பல நாள் ஐசியூவில் கிடந்து, கண் விழித்து, எழுந்து நடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “சின்னப் பிள்ளைதானே, சீக்கிரம் தேறிடும். பெரியவங்களுக்கு வந்திருந்தாத்தான் கஷ்டம்.” ஆறுதலுக்குச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஊர் அதை உண்மை என்றே நம்புகிறது. அந்த நம்பிக்கை பிள்ளைகளைக் கெடுக்கிறது.

அதற்கு ஒரு விஞ்ஞானப் பூச்சும் உண்டு. 1930களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கென்னார்ட், குரங்குகளின் மூளையில் கை கால் அசைவுக்கான பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். வளர்ந்த குரங்குகளைவிடக் குட்டிகள் நன்றாக மீண்டன. அவர் பார்த்தது கை கால் அசைவை மட்டும். அதிலும் சில குறைகள் குட்டி வளர வளரத்தான் தலைகாட்டின என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் பாதியை விட்டுவிட்டு, மீதிக்குக் ‘கென்னார்ட் கோட்பாடு’ என்று பெயர் சூட்டினார்கள். மெல்பர்னில் விக்கி ஆண்டர்சன் குழுவினர் தலைக்காயம் பட்ட குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது தெரிந்தது நேர்மாறானது. பலத்த அடியும் மிக இளம் வயதும் சேர்ந்தால்தான் நிலைமை மோசம்.

பெரியவருக்கு அடிபட்டால், கற்றுவைத்தது சிதைகிறது. 4 வயதில் அடிபட்டால், இனிமேல் கற்கவேண்டியதே தடைப்படுகிறது. எதிராளி மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது, கோபத்தை விழுங்குவது, பேச்சை எங்கே நிறுத்துவது என்று அறிவது, இவற்றுக்கு வேண்டிய மூளையின் முன்பகுதி 20 வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. 4 வயதுக் குழந்தையிடம் இதையெல்லாம் யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதனால் குறையும் தெரிவதில்லை. 12 வயதில் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அதற்குள் விபத்து வீட்டில் பழங்கதையாகிவிடுகிறது.

1999இல் ‘நேச்சர் நியூரோசயின்ஸ்’ இதழில் மூளை ஆய்வாளர் டமாசியோவின் குழுவினர் அப்படி அடிபட்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். 15 மாதக் குழந்தையாக இருந்தபோது வண்டி ஏறியது. சில நாளில் தேறிவிட்டாள் என்றே நினைத்தார்கள். 3 வயதில், திட்டினாலும் தண்டித்தாலும் அவளுக்கு உறைக்கவில்லை என்பது தெரியவந்தது. வளர்ந்தபின் பொய், திருட்டு, நட்பே இல்லாத வாழ்க்கை. பெற்றோர் படித்தவர்கள், குடும்பத்தில் குழப்பமில்லை. வளர்ப்பு சரியில்லை என்று சொல்ல இடமே இல்லை.

நம் ஊர்ப் பள்ளியில் இது எப்படி இருக்கும்? பையன் தாமதமாக வருகிறான். “வாங்க தொரை, இப்பத்தான் விடிஞ்சுதா?” என்கிறார் ஆசிரியர். அவன் யோசித்து, “இல்ல சார், ஆறு மணிக்கே விடிஞ்சிருச்சு” என்கிறான். வகுப்பு சிரிக்கிறது. எதற்கென்று தெரியாமல் அவனும் சிரிக்கிறான். முட்டி போடச் சொல்கிறார்கள். அவன் நக்கலடிக்கவில்லை, கேள்வியில் இருந்த நக்கல் அவனுக்கு எட்டவே இல்லை. சொல் புரியும், தொனியும் முகமும் சேர்ந்து தரும் பொருள் பிடிபடாது. இடைவேளையில் பேருந்துகளைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. கேட்பவன் முகம் சுளிப்பதைக் கண் பார்க்கும், மனதில் பதியாது. நண்பர்கள் மெல்ல விலகுவார்கள், வம்புக்கு இழுப்பவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். வீட்டில் அதற்குப் பெயர் திமிர், பள்ளியில் வாய்க்கொழுப்பு. அடிபட்டதால் வந்த குறைக்கு மேலும் அடி.

பெற்றோரும் விபத்தை மறைக்கிறார்கள். சொன்னால் பள்ளியில் சேர்க்கமாட்டார்களோ என்ற பயம். பெண் பிள்ளை என்றால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு. ‘அதுதான் சரியாகிவிட்டதே’ என்ற நம்பிக்கை மறைப்பதற்குத் துணைபோகிறது.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை தருகிறது. மகத்தான காரியம். ஆனால் 8 வருடம் கழித்துத் தலைகாட்டும் சிக்கலோடு எந்தக் கதவைத் தட்டுவது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலைக்காயம் தனி வகையாக இல்லை. அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்தில் 1990இலேயே சேர்த்துவிட்டார்கள். நடை வருகிறது, பேச்சு வருகிறது, அறிவுத்திறன் சோதனையில் மதிப்பெண்ணும் வருகிறது என்றால் நம் அலுவலகங்கள் அந்தப் பிள்ளையை எந்த வகையில் எழுதும்?

பெற்றோரைப் பயமுறுத்தலாமா என்று சிலர் கேட்கக்கூடும். விளையாட்டில் விழுந்து லேசாக அடிபடும் குழந்தைகளில் பெரும்பாலோர் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். நான் சொல்வது நினைவு தப்பிக் கிடந்த, ஸ்கேனில் சேதம் தெரிந்த பிள்ளைகளை. அவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர் திக்குவாய்க்கு மட்டும் உரியவரல்ல. அடுத்தவர் பேச இடம் விடுவதையும் முகக்குறிப்பைப் படிப்பதையும்கூடப் பயிற்றுவிப்பார். ஆசிரியர் குத்தலை விட்டு, “நாளைக்கு ஒன்பது மணிக்குள்ள வந்துடு” என்று நேராகச் சொன்னாலே பாதிச் சிக்கல் குறையும். பிள்ளைக்கு நேர்ந்தது இன்னது என்று ஆசிரியருக்கும் பயிற்சியாளருக்கும் தெரிந்தால்தானே இதெல்லாம் நடக்கும்? டிஸ்சார்ஜ் சம்மரியைப் பரணில் போடாதீர்கள். ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்று கெடுபிடி கூடும் ஒவ்வொரு கட்டத்திலும் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். இனி வரவேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தாலும், மறுபடி போய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.