பீரோவில் பூட்டி வைப்பதா?

மூச்சுப்பாதை சிக்கலானது என்று முன்கூட்டியே கேஸ் ஷீட்டில் எழுதப்பட்ட நோயாளிகளுக்கு மட்டுமே, சுவாசக் குழாய் போட உதவும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பை எடுக்க வேண்டும், மற்ற நேரங்களில் அது ஸ்டோரில் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற உத்தரவு தவறானது. சிக்கனம் என்று சொல்லப்படும் காரணத்தை ஏற்பதற்கில்லை.

மயக்கம் கொடுத்து, தசைகளைத் தளர்த்தும் ஊசி போட்ட பிறகு நோயாளியால் தானாக மூச்சுவிட முடியாது. குரல்நாண்களுக்கு நடுவே குழாயைச் செலுத்தியாக வேண்டும். ஆக்ஸ்போர்டில் ராபர்ட் மேக்கின்டாஷ் 1943இல் வடிவமைத்த வளைந்த லாரிங்கோஸ்கோப் பிளேடுதான் இன்றும் பெரும்பாலோர் கையில் இருக்கிறது. மருத்துவர் குனிந்து, நாக்கை ஒதுக்கித் தூக்கி, வாய் வழியே நேராகப் பார்க்க வேண்டும். கழுத்து மடங்காதவருக்கும் தாடை சிறுத்தவருக்கும் அந்தப் பார்வை கிடைப்பதில்லை. வீடியோ கருவியில் கேமரா பிளேடின் நுனிக்கு அருகிலேயே இருப்பதால் குரல்நாண் திரையில் தெரியும். பயிற்சி மருத்துவரின் கை எங்கே தவறுகிறது என்று மூத்தவர் திரையில் பார்த்துத் திருத்தலாம்.

உத்தரவில் உள்ள 'முன்கூட்டியே' என்ற சொல்தான் விபரீதம். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, 1985இல் மருத்துவர் மல்லம்பட்டி வகுத்த முறைப்படி தரம் பிரிக்கிறோம். அப்படிப் பார்த்தும் எத்தனை பேரைக் கண்டுபிடிக்கிறோம்? டென்மார்க்கில் 1,88,064 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். குழாய் போடுவது கடினமாக இருந்தவர்கள் 3,391 பேர். அவர்களில் 3,154 பேரை யாரும் எதிர்பார்க்கவில்லை, அதாவது நூற்றுக்கு 93 பேர். இந்த உத்தரவு கருவியை மறுப்பது அவர்களுக்குத்தான்.

இரவு இரண்டு மணிக்கு அவசர சிசேரியன். பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்த பெண். முதல் முயற்சியில் குரல்நாண் தெரியவில்லை, இரண்டாவதில் ரத்தக் கசிவு. நிறைமாதக் கர்ப்பிணியின் உடலில் ஆக்ஸிஜன் இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். சாச்சுரேஷன் குறையக் குறைய மானிட்டரின் 'பீப்' ஒலி சுருதி இறங்கிக்கொண்டே போகும். அந்த நிமிடத்தில் இன்டென்ட் எழுதிக் கையெழுத்து வாங்குவது யார்? சாவிக்காரரை எழுப்புவது யார்? தியேட்டரில் ஒரு நாளாவது நின்றவர் இப்படி ஓர் உத்தரவை எழுதியிருக்க மாட்டார்.

வீடியோ கருவியின் பிளேடுக்குச் செலவாகும், பழைய முறையின் கைப்பழக்கம் விட்டுப்போகும் என்பவை நியாயமான கவலைகளே. ஆனால் 222 ஆய்வுகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டு காக்ரன் அறிக்கை, வீடியோ கருவியால் தோல்விகள் குறைவதாகச் சொல்கிறது. அமெரிக்காவின் 17 அவசர, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வில் வீடியோ கருவியால் முதல் முயற்சியிலேயே வெற்றி கிடைத்தது 85.1 விழுக்காடு, பழைய பிளேடில் 70.8. எப்போதாவது மட்டும் எடுத்தால் இந்தக் கருவியிலும் கை பழகாது. ஆபத்து நேரத்தில் முதன்முறையாகத் தொடுபவரால் என்ன செய்துவிட முடியும்?

இந்த அலட்சியம் புதிதல்ல. கொரோனா காலத்தில் மருத்துவரின் முகம் நோயாளியின் வாயிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று இதே கருவிகளை அவசரமாக வாங்கியவர்கள் இந்த உத்தரவைப் போட்டவர்கள்தான். பிளேடு தீர்ந்தபோது திரும்பிப் பார்க்கவில்லை. குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று காட்டும் கார்பன் டை ஆக்சைடு மானிட்டர்களை வாங்கிவிட்டு, அவற்றுக்கான மெல்லிய சாம்பிளிங் குழாய்களை வாங்க மறந்தவர்களும் இவர்களே. வெண்டிலேட்டர்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் வராந்தாவில் தூசி படிந்து நின்றதை நாமே பார்த்தோம். ஒவ்வொரு முறையும் விசாரணை என்றார்கள், ஓர் அறிக்கைகூட வெளிவரவில்லை. தங்கள் வீட்டுப் பெண் அந்த மேசையில் படுத்திருந்தால் சாவி வரும்வரை காத்திருப்பார்களா?

உத்தரவைத் திரும்பப் பெற வேண்டும். கருவி நோயாளியின் தலைமாட்டில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்படியும், பிளேடு தட்டுப்பாடு வராதபடியும், இரவுப் பணியில் இருக்கும் மயக்க மருத்துவர்களைக் கலந்துபேசி வேறொரு ஏற்பாட்டைச் செய்யட்டும்.