உள்ளே போக வாசல் இருக்கு... வெளியே வர?



கோவில் திருவிழா, இலவச வேட்டி சேலை டோக்கன், வெள்ள நிவாரணம், பெரியாஸ்பத்திரி ஓ.பி. சீட்டு... எதுவானாலும் வரிசையில் அதிக நேரம் நிற்பது யார்? நாம்தான். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி ஒன்று, தோளில் பை, கூடவே வயதான மாமியார். வரிசையின் இரண்டு பக்கமும் தடுப்பு வைக்கிறார்களே, சவுக்குக் கட்டை, இரும்புத் தடுப்பு, கயிறு என்று, அதற்குள் மணிக்கணக்கில் நிற்பவர்கள் நாம். ஆனால் அந்தத் தடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நம்மை யாராவது கேட்டதுண்டா? "தடுப்பைப் பத்திப் பேச என்ன இருக்கு, கட்டை கட்டினா முடிஞ்சுது" என்று நினைக்கிறார்கள். நிறைய இருக்கிறது தோழிகளே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்து ஊர்க் கோவில் ஒன்றில் ஆடி வெள்ளியன்று நடந்ததைக் கேளுங்கள். என் மாமியாருக்கு 68 வயது. சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. வரிசையில் ஒன்றரை மணி நேரம் ஆனதும் மெதுவாக என் காதருகே வந்து, "அம்மாடி, அவசரமா ஒண்ணுக்கு வருது" என்றார். இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை. மேல் கட்டை நெஞ்சளவு, கீழ்க் கட்டை முழங்கால் அளவு. குனிந்து வரவும் முடியாது, ஏறித் தாண்டவும் முடியாது. அங்கே நின்ற தொண்டர் தம்பியிடம் கேட்டால், "வந்த வழியே திரும்பிப் போங்கம்மா" என்கிறார். வந்த வழியில் நானூறு ஐந்நூறு பேர் நிற்கிறார்கள், எப்படிப் போவது? கடைசியில் வெளியே உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவின் கத்தியை வாங்கி இரண்டு பையன்கள் கயிற்றை அறுத்துத்தான் அத்தையை வெளியே கொண்டு வந்தோம். அதற்குள் அவர் புடவை நனைந்து விட்டது. அத்தனை பேர் நடுவில் அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. "இனிமே என்னை எந்தத் திருவிழாவுக்கும் கூப்பிடாதே" என்று சொல்லி விட்டார்.

மானம் போனது, உயிர் போகவில்லை என்று ஆறுதல் பட்டுக் கொண்டோம். ஆனால் உயிரே போன கதைகளும் நமக்குத் தெரியும். கும்பகோணத்தில் 1992 மகாமகத்தில் நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னை எம்.ஜி.ஆர். நகரில் 2005 டிசம்பர் 18-ந் தேதி அதிகாலையில் வெள்ள நிவாரண டோக்கனுக்கு வந்த 42 பேர் இறந்தார்கள். வாணியம்பாடியில் 2023 பிப்ரவரி 4-ந் தேதி, தைப்பூசத்தை ஒட்டி இலவச வேட்டி சேலை டோக்கன் வாங்கப் போன நான்கு வயதான பெண்கள் இறந்தார்கள். ஒரு சேலைக்காக! திருப்பதியில் 2025 ஜனவரி 8-ந் தேதி வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்குக் காத்திருந்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள், அதிலும் பெண்கள்தான் அதிகம்.

திருப்பதியில் நடந்ததாகச் செய்திகளில் வந்ததைக் கவனியுங்கள். உடம்புக்கு முடியாமல் போன ஒரு பெண்ணுக்கு உதவி செய்யக் கேட்டைத் திறந்திருக்கிறார்கள். காத்திருந்தவர்களோ, டோக்கன் கொடுக்கத்தான் திறக்கிறார்கள் என்று நினைத்துப் பாய்ந்து விட்டார்கள். மயங்கியவரை வெளியே கொண்டு போகவும் கூட்டத்தை விடவும் ஒரே கேட் இருந்தால் இப்படித்தான் ஆகும். நான் சொல்ல வந்ததும் இது ஒன்றைத்தான். தடுப்பு எங்கே வைத்தாலும், வெளியே வருவதற்கென்று தனி வாசல் அதில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தடுப்புக்கும் மாட்டுப் பட்டிக்கும் வித்தியாசம் இல்லை.

நெரிசல் என்றால் மிதிபட்டுச் சாவது என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லையாம். நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டித்தான் இறக்கிறார்களாம். மூன்றே கால் அடிக்கு மூன்றே கால் அடி இடத்தில் நான்கு பேர் நின்றால் எப்படியோ சமாளிக்கலாம். ஆறு ஏழு பேர் ஆகி விட்டால் அதற்கு மேல் நம் கால் நம் பேச்சைக் கேட்காது. கூட்டம் தண்ணீர் போல அலை அடிக்கும். பின்னால் இருப்பவருக்கு முன்னால் ஒருவர் மூச்சுக்குத் தவிப்பது தெரியாது. "ஏன் நகர மாட்டேங்கிறாங்க" என்று இன்னும் கொஞ்சம் தள்ளுவார். உயரம் குறைந்த பெண்களும் பிள்ளைகளும்தான் முதலில் மாட்டிக் கொள்கிறார்கள். அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஒரு திறப்பு இருந்தால் கூட்டம் தானாகவே அந்தப் பக்கம் வழிந்து விடும். குக்கரில் வெயிட் எதற்கு இருக்கிறது? அழுத்தம் கூடினால் ஆவி போகத்தானே.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பது என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989 ஏப்ரல் 15-ந் தேதி கால்பந்து பார்க்கப் போனவர்கள் 97 பேர் உயிர் இழந்தார்கள். ஆட்டக்காரர்கள் இருக்கும் இடத்துக்கு ரசிகர்கள் வராமல் இருக்க உயரமான கம்பி வேலி போட்டிருந்தார்கள். அதில் இருந்த கதவுகளோ மிகச் சிறியவை. பின்னால் இருந்து கூட்டம் வந்து அழுத்தியதும் முன்னால் நின்றவர்களுக்குப் போக்கிடம் இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் பெரும்பாலான பெரிய மைதானங்களில் அந்த வேலிகளை எடுத்தார்கள்.

தூக்கி வைக்கிற தடுப்பு எப்படி வந்தது என்பதும் சுவையான கதை. 1864-ல் நடார் என்ற பிரெஞ்சு போட்டோகிராபர், பெல்ஜியம் நாட்டு பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ஒரு ராட்சத பலூனில் பறந்து காட்டப் போனார். ஜனங்கள் பலூன் கிட்டே வந்து விடாமல் இருக்க, நகர்த்தி வைக்கக் கூடிய தடுப்புகளைச் சுற்றி வைத்தாராம். இன்றைக்கும் அந்த நாட்டில் இதற்கு 'நடார் தடுப்பு' என்றுதான் பெயர். கவனியுங்கள், அவர் தடுப்பை வைத்தது பலூனைச் சுற்றி. நாமோ மனுஷங்களைச் சுற்றி வைக்கிறோம். அப்படி வைக்கும்போது அதற்கு வேறு மாதிரி யோசனை வேண்டாமா?

எங்கள் தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதும் எனக்குத் தோன்றியதும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் கால். ஆறடி எட்டடி நீளத் தடுப்புக்கு இரண்டு பக்கமும் கால் நீட்டிக் கொண்டிருக்கும். கூட்டத்தில் கீழே பார்க்க முடியாது. புடவைக் கொசுவம் மாட்டும், கட்டை விரல் இடிக்கும், ஒருவர் விழுந்தால் அவர் மேல் நாலு பேர் விழுவார்கள். மேடு பள்ளமான தெருவில் வளைந்த கால் வைத்ததுதான் ஆடாமல் நிற்குமாம். ஆனால் ஆள் நடக்கிற பக்கம் தரையோடு படிந்த தகட்டுக் கால்தான் நல்லது.

இரண்டாவது கம்பி. படுக்கை வசத்தில் கம்பி வைத்தால் பிள்ளைகளுக்கு அது ஏணி, ஏறி விடுவார்கள். நெட்டுக் கம்பிதான் வேண்டும். அதுவும் நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, குழந்தையின் தலை போய் மாட்டிக் கொள்ளும். வெல்டு வைத்த இடத்தில் பிசிறு இருந்தால் அரம் போட்டு ராவி விட வேண்டும். எத்தனை சேலை கிழிந்திருக்கிறது, எத்தனை கை கீறியிருக்கிறது!

மூன்றாவது கொக்கி. தனித்தனியாக வைத்த தடுப்பில் நாலு பேர் சாய்ந்தால் போதும், கவிழ்ந்து விடும். கவிழ்ந்த தடுப்பு கண்ணி மாதிரி, காலை உள்ளே விட்டால் எடுக்க முடியாது. ஒன்றோடு ஒன்று கொக்கி மாட்டினால் நிலையாக நிற்கும். அவசரம் என்றால் ஒன்றை மேலே தூக்கினால் வழி திறந்து விடும். ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "யாராவது நகர்த்திடுவாங்க" என்று கட்டுக் கம்பியால் முறுக்கிக் கட்டி விடுகிறார்கள். கட்டிய கம்பியை அவிழ்க்க அந்த நேரத்தில் கட்டிங் பிளேயர் யாரிடம் இருக்கும்?

நான்காவதுதான் முக்கியம், வெளி வாசல். வரிசை பாம்பு மாதிரி வளைந்து போகிறதே, ஒவ்வொரு வளைவிலும் ஒன்று வேண்டும். நேர் வரிசையில் முப்பது அடிக்கு ஒன்று இருந்தால் நல்லது. உள்ளிருந்து தள்ளினால் வெளிப் பக்கம் திறக்க வேண்டும். சக்கர நாற்காலி போகும்படி மூன்றடி அகலம் வேண்டும். மற்றவை மஞ்சள் என்றால் இதற்குப் பச்சை பெயின்ட் அடிக்கலாம், படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். பூட்டு மட்டும் கூடவே கூடாது.

இன்னொன்று. மேடைக்கு முன்னால் கூட்டத்தைத் தாங்க வைக்கிற தடுப்பு வேறு ஜாதி. அதில் அடியில் ஒரு அகலத் தகடு கூட்டத்தின் பக்கம் நீண்டிருக்கும். முன் வரிசை ஜனங்கள் அதன் மேல்தான் நிற்பார்கள். அவர்கள் பாரமே தடுப்பைச் சாயாமல் பிடித்துக் கொள்ளும். நாம் அரிவாள்மனைப் பலகையை அழுத்தி உட்கார்ந்து காய் நறுக்கவில்லையா, அதே தத்துவம்தான். வரிசைக்கு வைக்கிற லேசான தடுப்பைக் கொண்டு போய் மேடைக்கு முன்னால் வைத்தால் அது தாங்காது. எது எதற்கு என்று தெரிந்து வைக்க வேண்டும்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது என் கணவர், "வெளி வாசல் வெச்சா அது வழியாவே குறுக்கே நுழைஞ்சுடுவாங்க. நம்ம ஜனங்களைப் பத்தி உனக்குத் தெரியாதா?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் அங்கே ஒரு ஆள் நிற்க வேண்டும் என்கிறேன். பெண்கள் வரிசை என்றால் ஒரு பெண் தொண்டர். அவரிடம் கூச்சமில்லாமல் சொல்லலாமே, பாத்ரூம் போகணும், குழந்தைக்குப் பால் கொடுக்கணும், தலை சுத்துது என்று. போய் வருகிறவர்களுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தால் பழைய இடத்திலேயே வந்து நிற்கலாம். இடம் போய் விடும் என்ற பயத்தில்தானே அடக்கிக் கொண்டு நிற்கிறோம், தண்ணீர் கூடக் குடிக்காமல் வருகிறோம். பத்துப் பேர் குறுக்கே நுழைவது தப்புதான். அதற்காக ஆயிரம் பேரை அடைத்து வைப்பதா?

செலவு ஆகும் என்பார்கள். நம் மகளிர் சுய உதவிக் குழுக்களில் சில ஊர்களில் பாத்திரமும் நாற்காலியும் வாங்கி வாடகைக்கு விடுகிறார்களே, அதே போல இந்தத் தடுப்பையும் ஐம்பது நூறு செய்து வைத்தால் என்ன? உள்ளூர்ப் பட்டறைக்கு வேலை, குழுவுக்கு வருமானம். இரும்புச் சாமான் பல வருஷம் உழைக்கும். கூட வாசலில் நிற்க நம் குழுப் பெண்களே போகலாம்.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூடுகிறதே, உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு முன்னால் வருகிற கூட்டத்தில் இதை எழுந்து கேளுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் கவுன்சிலரிடமும் விழாக் கமிட்டியிடமும் கேளுங்கள். "தடுப்பு எத்தனை?" என்று கேட்காதீர்கள். "வெளி வாசல் எத்தனை, யார் நிற்கிறார்கள்?" என்று கேளுங்கள். 2028-ல் கும்பகோணத்தில் மறுபடி மகாமகம் வருகிறது. இப்போதே கேட்கத் தொடங்கினால்தான் அதற்குள் ஏதாவது நடக்கும்.

அதுவரை நம் பாதுகாப்பு நம் கையில். வரிசைக்குள் நுழையும் முன் வெளியேற வழி எங்கே என்று ஒரு பார்வை பார்த்து வையுங்கள். முடிந்தவரை ஓரமாக நில்லுங்கள். நெருக்கம் கூடினால் இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள், மூச்சு விட அந்த இடம் போதும். தள்ளுகிறவர்களை எதிர்த்துத் தள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகருங்கள். செருப்பு கழன்றால் போகட்டும், குனியவே குனியாதீர்கள்.

சாமி தரிசனத்துக்கோ ஒரு சேலைக்கோ போகிற பெண், போன மாதிரியே வீடு திரும்ப வேண்டும். அதற்கு மூன்றடி அகலத்தில் ஒரு வாசல் கேட்கிறேன், பெரிய ஆசையா இது? உங்கள் ஊரில் நிலைமை எப்படி? நல்ல முறையில் தடுப்பு வைக்கிற ஊர் இருந்தால் அதையும் எழுதுங்கள் தோழிகளே, மற்ற ஊர்க்காரர்களும் பார்த்துக் கற்றுக் கொள்ளட்டும்.

- ஓர் இல்லத்தரசி, தஞ்சை மாவட்டம்