ஒரு கைப்பிடி, ஒரு கையெழுத்து

மிசோரம் மாநிலத்தில் உலை வைக்க அரிசி அளக்கும் பெண், அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைக்கிறாள். இந்த வழக்கத்துக்கு ‘புஃபாய் தாம்’ என்று பெயர். 1910-ல் தொடங்கியது. சேர்ந்த அரிசியை வீடு வீடாகத் திரட்டி விற்று, அந்தப் பணத்தைத் தேவாலயப் பணிகளுக்குக் கொடுத்தார்கள். ஊர் ஊராகப் போன பெண் ஊழியர்களுக்குத் தொடக்கத்தில் இதுவே ஆதரவாக இருந்தது. இன்று இந்தக் கைப்பிடி அரிசி ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் ஆகிறது. நமக்கும் பிடியரிசி புதிதல்ல. கோயில் அன்னதானத்துக்கும் மடத்துக்கும் அப்படி எடுத்து வைத்த குடும்பங்கள் ஏராளம். இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகச் சிறுதுளி பெருவெள்ளம் என்று முடித்துவிடுவார்கள். ஆனால், துளி தானாக வெள்ளமாகிவிடுவதில்லை. கைப்பிடி அரிசியை வாங்கிப்போக ஆள் வந்தது, எவ்வளவு சேர்ந்தது என்று எழுதப்பட்டது, எதற்குப் போகிறது என்பது கொடுத்தவளுக்குத் தெரிந்திருந்தது. இவை இல்லாமல் போயிருந்தால் அந்த அரிசி மறுநாள் அதே வீட்டு உலைக்குத்தான் திரும்பியிருக்கும்.

சமூகத்துக்குத் தன்னாலானதைச் செய்ய விரும்பும் பெண்ணுக்கு இன்று கிடைக்கும் யோசனைகளில் இந்த ஏற்பாடுதான் விடுபட்டுப் போகிறது. ஸ்டேட்டஸ் வையுங்கள், பகிருங்கள், துணிப்பையோடு கடைக்குப் போங்கள், பிறந்தநாளுக்கு ஒரு வேளை உணவு கொடுங்கள் என்கிறார்கள். எதையும் நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. பசித்தவருக்கு அந்த ஒரு வேளை உணவு பெரிது. ஆனால், தெருவிளக்கு எரியவில்லை என்று ஐந்நூறு பேர் பகிர்ந்தாலும், அதற்குப் பதில் சொல்லியே தீரவேண்டிய கட்டாயம் எந்த அலுவலருக்கும் வருவதில்லை. அதே குறையை நான்கு பெண்கள் மனுவாக எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டால், அலுவலகத்தில் ஒரு கோப்பு பிறந்துவிடுகிறது. இரண்டும் சிறு செயல்தான், பிடிக்கும் நேரத்திலும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு செயல் சிறியதா பெரியதா என்பதைவிட அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதே கேள்வி.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே எழுத்தறிவு வகுப்புகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய கிராமத்துப் பெண்கள், கூலிப்பணம் சாராயக்கடைக்குப் போவதைப் பற்றிப் பேசினார்கள். துபகுண்டா என்ற ஊரில் பெண்கள் சேர்ந்து சாராயக்கடையை மூடவைத்தார்கள். அந்தச் செய்தி புதிதாகப் படிப்பவர்களுக்கான பாடமாக அச்சாகி மற்ற ஊர்களின் வகுப்புகளுக்குப் போனது. ஓர் ஊர்ப் பெண்கள் செய்ததை இன்னோர் ஊர்ப் பெண்கள் தாங்களே வாசித்தார்கள். அடுத்து அவர்கள் கைவைத்தது சாராய ஏலத்தில். ஏலம் நடக்காவிட்டால் கடை இல்லை, அரசுக்கு வருவாயும் இல்லை. ஏலங்கள் தடைபட்டன, 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது, 1995-ல் முழு மதுவிலக்கு வந்தது. மாலை வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததுதான் இதன் தொடக்கம். ஆனால், அந்த ஒரு மணி நேரம் கடைசியில் போய்த் தொட்டது அரசின் கணக்குப் புத்தகத்தை.

மதுவிலக்கு 1997-ல் தளர்த்தப்பட்டதே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். வருவாய் இழப்பைத் தாங்கமுடியவில்லை என்றது அரசு. கடையை மூடவைத்த பெண்களுக்கு, அதைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் நிலையான நாற்காலி கிடையாது. போராட்டம் ஓய்ந்ததும் அவர்களுடைய சொல்லின் பலமும் ஓய்ந்தது. என் வாதத்துக்கு இந்தத் தோல்வியும் சான்றுதான். அன்று அந்தப் பெண்களுக்கு இல்லாத நாற்காலிகள் சில இன்று சட்டத்தில் இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும் பாதிப் பங்கு பெண்களும் இருக்கவேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அதன் தலைவரும் ஒரு தாய்தான். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. கிராம சபையிலோ பதவியே தேவையில்லை. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

கிராம சபையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் அங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடவேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் செல்லக் குறைவெண் வரம்பு உண்டு. ஐந்நூறு பேருக்கு மேல் மூவாயிரம் பேர் வரையுள்ள ஊராட்சியில் நூறு பேர், பத்தாயிரம் வரை என்றால் இருநூறு பேர் வேண்டும். இந்த எண்ணிக்கையை நிரப்பப் பல ஊர்களில் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களைத்தான் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலை செய்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் பெண்கள். ஆக, பெண்கள் கிராம சபைக்கு வருவதில்லை என்ற புலம்பல் பாதிப் பொய். அவர்கள் கையெழுத்து இல்லாமல் கூட்டமே செல்லாது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்கும்முன் அனுப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான். பதிவேட்டில் ஒப்பமிடுவதற்குமுன், மேலே எழுதியிருக்கும் தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்வதும், எங்கள் தெருக் குடிநீர்க் குழாயையும் அதில் எழுதுங்கள் என்பதும் கால் மணி நேர வேலை.

தீர்மானம் வெறும் காகிதம்தானே என்பது அடுத்த மறுப்பு. நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளை மூடச் சொல்லி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி மூடிய டாஸ்மாக் கடைகள் பல 2017-ல் ஊருக்குள் நகரப் பார்த்தபோது, பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பல ஊராட்சிகள் கிராம சபைத் தீர்மானமும் போட்டன. எல்லா இடத்திலும் வெற்றி கிடைக்கவில்லை. தீர்மானத்தின் சட்டபலம் நீதிமன்றங்களில் விவாதத்துக்குள்ளானது. ஆனாலும், விவாதிக்க ஒரு காகிதம் இருந்தது. சாலை மறியல் மறுநாள் நாளிதழோடு பழசாகிவிடும், பதிவேட்டில் ஏறிய தீர்மானத்தை வழக்கறிஞர் கையில் கொடுக்கலாம். ராஜஸ்தானில் 1990-ல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பின் கூலித் தொழிலாளர்கள், பெண்களும் ஆண்களுமாக, கேட்டதும் இப்படியொரு காகிதத்தைத்தான்: யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி கொடுக்கப்பட்டது என்ற வருகைப் பதிவேடு. 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். அந்தக் கேள்வி 2005-ல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டமானதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதைவிடக் கனமான மறுப்பு நேரம் பற்றியது. 2024-ன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இப்படிப் போனபின், சமூகப் பணியும் உன் பொறுப்பு என்று சொல்வது ஈரமற்ற பேச்சு. அதனால்தான் சிறு செயலைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்கிறேன். இருக்கும் சிறிது நேரம் வீணாகப் போகக்கூடாது. சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே கூடுகின்றன, வரவு செலவு எழுதுகின்றன, தீர்மான நோட்டும் வைத்திருக்கின்றன. கடன் தவணை பேசி முடித்தபின் பத்து நிமிடம் நியாயவிலைக் கடை இருப்பு பற்றியோ பள்ளிக் கழிப்பறை பற்றியோ பேசுவதற்குப் புதுச் சங்கம் தேவையில்லை. கிராம சபை பெரும்பாலும் காலை பதினொரு மணிக்குக் கூடுகிறது. மதியச் சமையல் பாதியில் நிற்கும் நேரம். அன்று ஒருநாளாவது வீட்டு ஆண்கள் அடுப்படியைப் பார்த்துக்கொண்டால், சமூக அக்கறையில் அவர்களுடைய பங்கும் ஓரளவு சேரும்.

பேசுவதற்கான விலை எல்லாப் பெண்களுக்கும் ஒன்றல்ல என்பதையும் மறைக்கக்கூடாது. நிலமும் கூலியும் யார் கையில் இருக்கிறதோ அவர் முன்னால், அவரை நம்பிப் பிழைக்கும் தலித் பெண் எழுந்து கேள்வி கேட்பதும் ஓர் ஆசிரியை கேட்பதும் ஒன்றாகாது. வசதியுள்ள பெண் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சிறு உதவி, நன்கொடையைவிட, அந்தக் கேள்விக்குக் கீழே தன் பெயரையும் எழுதுவது. பத்துக் கையெழுத்துள்ள மனுவில் யாரைத் தனியாகப் பிடித்து மிரட்டுவது என்பது மிரட்டுபவருக்கே குழப்பமாகும். நன்கொடை வேண்டாம் என்பதல்ல. பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆளுக்கு நூறு ரூபாய் திரட்டலாம். கூடவே, பராமரிப்புக்கு அரசு ஒதுக்கிய தொகை என்னவாயிற்று என்று மேலாண்மைக் குழுவில் கேட்கவும் வேண்டும். கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தால், செய்யவேண்டியவருக்கு ஓய்வு கிடைக்கும், அடுத்த ஆண்டும் சுண்ணாம்பு நம் தலையில்தான்.

தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அதனால் கிராம சபையின் உரிமை போய்விடவில்லை. தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். தரவில்லையென்றால் பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கேட்கக்கூடாது, கேட்டால் கொடுக்காதீர்கள்.