உங்க கடை உங்களை மாதிரி பேசுதா?

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இட்லிப் பொடி விற்கும் பத்துப் பேரின் விளம்பரத்தை வரிசையாகப் படித்துப் பாருங்கள். 'பாரம்பரியச் சுவை', 'பாட்டி கைப்பக்குவம்', '100% இயற்கை', 'தரமே எங்கள் தாரக மந்திரம்'. கடைப் பெயரை விரலால் மறைத்துவிட்டால் எது யாருடையது என்றே தெரியாது. பத்துப் பொடியும் ஒரே ருசியில் இருக்கப்போவதில்லை. ஆனால், படிப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான். அப்புறம் அவர் விலையை மட்டும்தான் பார்ப்பார். பத்து ரூபாய் குறைத்துக் கொடுப்பவரிடம் போய்விடுவார்.

வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களுக்கு இது நேரடி நஷ்டம். பெரிய கம்பெனிபோல விலையைக் குறைக்க அவர்களால் முடியாது. வாங்குபவரோடு நேரடியாகப் பேச முடிவதுதான் அவர்களுக்கு இருக்கும் பெரிய வசதி. அந்தப் பேச்சையும் கடன் வாங்கிய வார்த்தைகளில் எழுதிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

முதலாளியே வந்து நின்றபோது...

தமிழ்நாட்டு டி.வி பார்வையாளர்களுக்கு ஹெச்.வசந்தகுமாரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்துக்காரர். வி.ஜி.பி நிறுவனத்தில் சேல்ஸ்மேனாக வேலை பார்த்துவிட்டு, 1978-ல் சென்னை தி.நகரில் சிறிய கடையாக 'வசந்த் அண்ட் கோ'வைத் தொடங்கினார். கடை வளர்ந்த பிறகு விளம்பரத்தில் சிரித்த முகத்தோடு அவரே வந்து நின்றார். வாடிக்கையாளர் எதற்குத் தயங்குவார், எதைக் கேட்டால் முகம் மலரும் என்பது கவுன்டரில் நின்று பழகியவருக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தைத் திரைக்குக் கொண்டுவர நடிப்புப் பயிற்சி தேவைப்படாது.

டெல்லியில் 'எம்.டி.ஹெச்' மசாலாவின் தரம்பால் குலாட்டியும் அப்படித்தான். 1923-ல் சியால்கோட்டில் பிறந்தவர். அப்பாவின் மசாலாக் கடை அங்கே இருந்தது. 1947 பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு டெல்லி வந்தார். கொஞ்ச காலம் குதிரை வண்டி ஓட்டினார். பிறகு குடும்பத் தொழிலையே கையில் எடுத்தார். தலைப்பாகையும் வெள்ளை மீசையுமாக அந்தத் தாத்தாவின் படம் பாக்கெட்டிலும் இருந்தது, விளம்பரத்திலும் வந்தது. 'பாரம்பரியம்' என்ற வார்த்தையை அவர் சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு கடை, ஒரு ஊர், ஓர் அப்பா இருந்தார்கள். பாட்டியிடம் சமையலே கற்காதவர் 'பாட்டி கைப்பக்குவம்' என்று எழுதினால் அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

சொல்வதை சோதித்துப் பார்க்கலாமா?

லலிதா ஜுவல்லரி கிரண்குமாரின் விளம்பரங்கள் இன்னொரு பாடம். மொட்டைத் தலை, பளபளப்பு இல்லாத பேச்சு. கஷ்டப்பட்டு சம்பாதித்த பணத்தை யோசித்துச் செலவு செய்யுங்கள் என்கிறார். நகையின் விலை விவரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றும் சொல்கிறார்.

இரண்டாவதாகச் சொன்னதுதான் முக்கியம். 'நாங்கள் நேர்மையானவர்கள்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். 'போட்டோ எடுத்துப் போய் ஒப்பிட்டுப் பாருங்கள்' என்பதை வாடிக்கையாளர் அன்றைக்கே செய்து பார்த்துவிடலாம். சொந்தப் பேச்சு என்பது குரலும் உச்சரிப்பும் மட்டுமல்ல. நீங்கள் சொல்வதை யாராவது சோதித்தால் நிற்க வேண்டும்.

'100%' என்று எழுதக் கை பரபரக்கிறதா? கொஞ்சம் நில்லுங்கள். அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துத் தயாரிக்கும் பானங்களின் லேபிளிலும் விளம்பரத்திலும் '100% பழச்சாறு' என்று போடக் கூடாது என 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. அலங்கார வார்த்தை காசு கேட்கவும் செய்யும்.

உங்கள் பேச்சை எங்கே தேடுவது?

புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். தினமும் பேசுவதில்தான் அது இருக்கிறது.

1. தெரிந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அவரோடு பத்து நிமிடம் பேசுவதை மொபைலில் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டு, நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

2. வாடிக்கையாளர்கள் அனுப்பிய பழைய மெசேஜ்களைப் படியுங்கள். 'உங்க பொடியில எள்ளு வாசம் தனியா தெரியுது' என்று ஒருவர் எழுதியிருந்தால், எந்த விளம்பர ஏஜென்சியாலும் அதைவிட நல்ல வரி எழுத முடியாது.

3. எதைச் செய்ய மாட்டீர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். 'கலர் பவுடர் போட மாட்டோம்', 'ஒரே நாளில் 20 கிலோவுக்கு மேல் ஆர்டர் எடுக்க மாட்டோம்'. தரம் என்ற வார்த்தை சொல்லாததை இந்தப் பட்டியல் சொல்லிவிடும்.

4. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் இப்படிச் சொல்வீர்களா? சிரிப்பு வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இப்படித் தேடி எழுதினால் விளம்பரம் எப்படி மாறும்? 'கலப்படமற்ற, பாரம்பரியச் சுவைமிக்க இட்லிப் பொடி' என்பதற்குப் பதிலாக இதைப் படித்துப் பாருங்கள்: 'எங்க பொடியில எள்ளு கொஞ்சம் தூக்கலா இருக்கும். பிள்ளைங்க சாப்பிடுறதுக்காக காரம் குறைச்சிருக்கோம், உங்களுக்கு உறைப்பா வேணும்னா முன்னாடியே சொல்லிடுங்க. வியாழக்கிழமை வறுத்து அரைச்சு, வெள்ளிக்கிழமை அனுப்புவோம்.' ஒரு பெருமைகூட இதில் இல்லை. ஆனால், யாரோ ஒருவர் அடுப்படியில் நிற்பது தெரிகிறது.

ஏ.ஐ செயலியில் எழுதி வாங்குபவர்களுக்கும் இதுவே வழி. 'இட்லிப் பொடிக்கு விளம்பரம் எழுதிக் கொடு' என்று கேட்டால் எல்லோருக்கும் கிடைக்கும் அதே பொதுவான வார்த்தைகள்தான் வரும். உங்கள் வாக்கியங்களைக் கொடுத்து, பிழை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.

ஒட்டவைத்த பேச்சு வேண்டாம்

சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர், கேட்க நன்றாக இருக்கிறது என்று 'ஏனுங்க, வாங்குங்க' என ரீல்ஸ் போடுவதுண்டு. பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்து, 'நீங்க எந்த ஊருங்க?' என்று கேட்டால் சாயம் வெளுத்துவிடும். உங்கள் தமிழ் சென்னைத் தமிழ் என்றால் அதிலேயே பேசுங்கள்.

'யாராவது கேலி செய்வார்களே' என்ற பயம் இருக்கலாம். லெஜண்ட் சரவணன் நடிகைகளோடு விளம்பரத்தில் நடித்தபோது இணையம் முழுக்க மீம்ஸ்தான். அவர் நிறுத்தவில்லை. 2022-ல் 'தி லெஜண்ட்' படத்தில் ஹீரோவாகவே வந்தார்.

எல்லோரும் முகத்தைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இணையத்தில் தங்கள் படம் வருவதை விரும்பாத பெண்கள் பலர் இருக்கிறார்கள். பார்சலுக்குள் கையால் எழுதிய நான்கு வரி, ஆர்டருக்கு பதிலாக ஒரு வாய்ஸ் நோட் போதும்.

நீங்கள் இல்லாத நேரத்தில்...

வசந்தகுமார் 2020 ஆகஸ்ட்டில் கொரோனா தொற்றால் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் குலாட்டியும் மறைந்தார். இரண்டு நிறுவனங்களும் தொடர்ந்து நடக்கின்றன. ஒருவரின் பேச்சில் வளர்ந்த தொழில், அந்த ஒருவரோடு நின்றுவிடக் கூடாது. சிறு தொழிலிலும் உடம்பு சரியில்லாத நாளில் போனை எடுப்பது மகளாகவோ தம்பியாகவோ இருக்கலாம். நீங்கள் எப்படி பதில் சொல்வீர்கள், எதற்கு மறுப்பீர்கள், எப்போது பணத்தைத் திருப்பிக் கொடுப்பீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி அடுப்படியிலேயே ஒட்டிவையுங்கள்.

அதில் முதலில் எழுத வேண்டியது, பொருள் கெட்டுப்போய்விட்டது என்று புகார் வந்தால் என்ன சொல்வது என்பதைத்தான். விளம்பரத்தில் 'அக்கா, அண்ணா' என்று உருகிவிட்டு, புகாருக்கு மட்டும் 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று அனுப்பினால் அதுவரை பேசியது எல்லாம் வேஷம் என்றாகிவிடும். 'தப்பு எங்க மேலதான்க்கா, நாளைக்கே வேற அனுப்புறோம்' என்று சொல்லி, சொன்னபடி அனுப்பிவிட்டால், அந்த அக்கா அடுத்த மாதமும் உங்களிடம்தான் வாங்குவார்.