ஒரு மாணவிக்காக ரயில் விட்டார்களாம்!



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

"ஜப்பானில் ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஒரு ரயில் நிலையத்தையே திறந்து வைத்திருந்தார்கள். அவள் படிப்பை முடித்த பிறகுதான் மூடினார்கள். இதுவல்லவோ மனிதநேயம்!" 2016 ஜனவரியில் உலகம் முழுக்கச் சுற்றிய இந்தச் செய்தி, இன்றும் நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் கண்ணீர்ப் பொம்மையோடு வந்து விழுகிறது. போன வாரம் மட்டும் எனக்கு நான்கு பேர் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் ஆசிரியர்கள்!

புவியியல் நடத்தியவன் என்பதால் வரைபடத்திலிருந்து தொடங்குகிறேன். ஜப்பானின் வடகோடித் தீவு ஹொக்காய்டோ. அங்கே அசாஹிகாவாவிலிருந்து அபாஷிரிக்குப் போகும் ரயில் பாதையின் பெயர் செக்கிஹொக்கு. அந்தப் பாதையில் மலைக்காட்டுக்குள் இருக்கும் ஊர் ஷிரடாக்கி. அதன் அக்கம்பக்கத்தில் மேல் ஷிரடாக்கி, பழைய ஷிரடாக்கி, கீழ் ஷிரடாக்கி என்று மூன்று சின்ன நிலையங்கள் இருந்தன. பரவிய செய்தி மேல் ஷிரடாக்கி என்றது. அந்த மாணவி ஏறியதோ பழைய ஷிரடாக்கியில். அதே ரயிலில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் எங்கரு என்ற ஊரிலுள்ள மேல்நிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜப்பானில் பள்ளி ஆண்டு முடிவது மார்ச்சில். ரயில் கால அட்டவணை பெரிய அளவில் மாறுவதும் மார்ச்சில்தான். இரண்டும் ஒன்றாக வந்ததை வைத்துத்தான் கதை கட்டினார்கள்.

ஊர்ப் பெயர் மாறிப்போனதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. அந்தக் கதை எதை மறைக்கிறது என்பதுதான் என் சண்டை.

2016 மார்ச் 26 அன்று அந்த மூன்று நிலையங்களும் ஒன்றாக மூடப்பட்டன. அதே நாளில், அதே ரயில் நிறுவனம் ஹொக்காய்டோவுக்கு முதல் புல்லட் ரயிலை ஓட்டியது. ஒரு கையில் ரிப்பன் வெட்டு, இன்னொரு கையில் பூட்டு. அந்த வாட்ஸ்அப் செய்தியில் இதைப் பற்றி ஒரு வரி உண்டா? இன்று கமிகாவாவை விட்டால் அடுத்து ஷிரடாக்கிதான். நடுவில் 37 கிலோமீட்டருக்கு ஆள் ஏறி இறங்க ஒரு நிலையம்கூட இல்லை.

"ஆளே இல்லாத ஊரில் நஷ்டத்துக்கு ரயில் ஓட்ட முடியுமா சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஹொக்காய்டோவில் ஊர்கள் காலியாகி வருவது உண்மை. ஆனால் நஷ்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1987இல் ஜப்பான் அரசு தேசிய ரயில்வேயை உடைத்து, பயணிகள் ரயிலை ஆறு நிறுவனங்களாகப் பிரித்தது. டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும், பணம் கொழிக்கும் புல்லட் பாதை ஒரு நிறுவனத்துக்குப் போனது. ஹொக்காய்டோவுக்குக் கிடைத்தது பனியும், மலையும், நீண்ட பாதைகளும். ஈடாக 68,220 கோடி யென் நிதி கொடுத்து, "இதன் வட்டியில் நஷ்டத்தைச் சரிக்கட்டிக்கொள்" என்றார்கள். கணக்குப் போட்டது 7 சதவீதத்துக்கு மேல் வட்டி வரும் என்று. பிறகு ஜப்பானில் வட்டி பூஜ்யத்தை நெருங்கிவிட்டது. வங்கி டெபாசிட் வட்டியை நம்பி வீட்டுச் செலவை ஓட்டும் நம் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

2016 நவம்பரில் அந்த நிறுவனம் கைவிரித்தது. 1,237 கிலோமீட்டர், அதாவது தன் பாதைகளில் ஏறக்குறைய பாதியை, தனியாகத் தாங்க முடியாது என்றது. செக்கிஹொக்கு பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. 2015 ஜனவரியில் கடல் அலை அரித்த ஹிடாக்கா பாதையைச் சரிசெய்யாமலே வைத்திருந்து, 2021இல் 116 கிலோமீட்டரை ஒரேயடியாக மூடினார்கள். அங்கே பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்காக யார் கண்ணீர்ப் பொம்மை போட்டோம்?

ஜப்பானில் கார் ஓட்ட 18 வயது ஆக வேண்டும். ஆகவே கிராமத்து ரயிலை நம்பி இருப்பது மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும், ஓட்டுவதை நிறுத்திவிட்ட முதியவர்களும்தான். ரயில் போனால் தூரத்துப் பள்ளி எட்டாது, பிள்ளையோடு குடும்பமே டவுனுக்குக் கிளம்பும். பிறகு "பார், ஆளே இல்லை" என்பார்கள். செக்கிஹொக்குவில் ஆட்கள் மட்டும் போகவில்லை. கிட்டாமியில் விளையும் வெங்காயம் சரக்கு ரயிலேறி வெளியூர் போவதும் அதே தண்டவாளத்தில்தான். தலையை எண்ணுகிறவர் மூட்டையையும் எண்ண வேண்டாமா? பக்கத்துச் சாலையில் பனி தள்ள வரிப்பணம் செலவாகிறது. அந்தச் சாலை லாபம் காட்டுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. தண்டவாளத்திடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

வேறு வழி இருந்தது என்பதற்கு ஜப்பானிலேயே சாட்சி உண்டு. ஃபுகுஷிமாவில் தடாமி என்ற மலைப்பாதை. 2011 ஜூலை வெள்ளத்தில் பாலங்கள் அடித்துப் போயின. பேருந்தே போதும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. சேதமான பகுதியின் தண்டவாளத்தை மாகாண அரசு ஏற்றுக்கொண்டது. பராமரிப்புச் செலவில் உள்ளூர்களும் பங்கு போட்டன. ரயிலை மட்டும் நிறுவனம் ஓட்டுகிறது. 2022 அக்டோபர் 1 அன்று முழுப் பாதையும் மறுபடி திறந்தது. பதினோரு வருடம் விடாமல் கேட்டு வாங்கிய ரயில் அது. பாராட்ட வேண்டுமென்றால் இதைப் பாராட்டுங்கள்.

ஒரு பெண்ணுக்காக நிலையம் நின்றது என்று கைதட்டும்போது, நிலையம் என்பது யாரோ மனமிரங்கிப் போடும் பிச்சை என்று ஒப்புக்கொள்கிறோம். பள்ளிக்குப் போக ஒரு வழி என்பது அந்தப் பிள்ளையின் உரிமை. அதற்கு யாருடைய இரக்கமும் தேவையில்லை.

இனி அந்தச் செய்தி வந்தால் அனுப்பியவரிடம் கேளுங்கள்: அந்த நிலையத்தை மூடியது யார்? ஏன்? அதற்குப் பிறகு அந்த ஊர் என்ன ஆனது? பதில் தெரிந்தால் அனுப்பட்டும். ஜப்பானில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். லீவு கிடைத்தால் புல்லட் ரயிலோடு நிற்காமல் செக்கிஹொக்கு பாதையிலும் ஒருமுறை டிக்கெட் எடுத்துப் போய்விட்டு, பார்த்ததைக் கீழே எழுதுங்கள். திட்ட நினைப்பவர்களும் கீழேயே திட்டலாம், தனிச் செய்தியில் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஜாக்ரபி சார்