புதுச்சேரிக்குத் தேவை இந்த முதுகலைப் படிப்பு

நாடுகளின் அதிகாரமும் சந்தைகளின் போக்கும் ஒன்றையொன்று எப்படி ஆட்டுவிக்கின்றன என்பதை ஆராயும் துறை சர்வதேச அரசியல் பொருளாதாரம். ஒரு நாடு இறக்குமதி வரியை உயர்த்தினால் இன்னொரு நாட்டில் யாருடைய வேலை போகிறது, டாலர் ஏறினால் எந்த வீட்டில் கடன் கூடுகிறது, ஜெனீவாவில் எழுதப்படும் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு எந்தக் கரையில் எந்தப் படகை முடக்கும் என்ற கேள்விகளுக்கு விடை தேடுவது அதன் வேலை. விலையைப் படிக்கும் மாணவர் பொருளாதாரத் துறையிலும், அரசைப் படிக்கும் மாணவர் அரசியல் அறிவியல் துறையிலும் தனித்தனியே அமர்ந்திருக்கும்வரை இந்தக் கேள்விகள் இரு வகுப்பறைகளுக்கும் வெளியேதான் நிற்கும். புதுச்சேரி போன்ற ஒரு மண்ணில் இந்த நிலை நீடிப்பது ஏற்கத்தக்கது அல்ல. இத்துறைக்கென்று முழுமையான முதுகலைப் படிப்பு ஒன்று இங்கே தொடங்கப்பட வேண்டும். அது இந்தக் கரையின் வரலாற்றையும் தொழிலையும் முதல் பாடமாகக் கொள்ள வேண்டும்.

மேலைப் பல்கலைக்கழகங்களில் இத்துறை தனி அடையாளம் பெற்றது 1970களில்தான். சர்வதேசப் பொருளாதாரமும் சர்வதேச உறவுகளும் ஒன்றையொன்று புறக்கணிக்கின்றன என்று பிரிட்டிஷ் அறிஞர் சூசன் ஸ்ட்ரேஞ்ச் 1970-இல் ஒரு கட்டுரையில் கண்டித்தார். அடுத்த ஆண்டே, டாலரைத் தங்கமாக மாற்றித் தரும் உறுதிமொழியை அமெரிக்க அதிபர் நிக்சன் கைவிட்டார். 1973-இல் எண்ணெய் விலை பல மடங்கு உயர்ந்தது. பணமும் எண்ணெயும் அரசியலிலிருந்து பிரிக்க முடியாதவை என்பதை உலகம் அப்போது கண்கூடாகப் பார்த்தது. ராபர்ட் கில்பின் 1987-இலும் ஸ்ட்ரேஞ்ச் 1988-இலும் வெளியிட்ட நூல்கள் இத்துறையின் அடிப்படைப் பாடநூல்களாயின. இன்றும் பெரும்பாலான பாடத்திட்டங்கள் இவர்களிடமிருந்துதான் தொடங்குகின்றன.

அந்தத் தொடக்கப் புள்ளியில்தான் பிழை இருக்கிறது. இந்தியாவின் செல்வம் பிரிட்டனுக்கு வடிந்துபோவதைக் கணக்கிட்டுக் காட்டிய தாதாபாய் நௌரோஜியின் நூல் 1901-இல் வெளிவந்தது. ‘சுதேசமித்திரன்’ நிறுவனர் ஜி.சுப்ரமணிய ஐயர், பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார முகத்தை விவரிக்கும் நூலை 1903-இல் வெளியிட்டார். 1906-இல் வ.உ.சிதம்பரனார் நிறுவிய சுதேசி கப்பல் கம்பெனி, தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தில் ஆங்கிலேயக் கம்பெனியோடு மோதியது. கட்டணத்தைக் குறைத்து எதிராளியை ஒழிப்பது, அரசு தன் நாட்டுக் கம்பெனிக்குத் துணை நிற்பது, வணிகப் போட்டி சிறைத் தண்டனையில் முடிவது என இத்துறை இன்று கற்பிக்கும் பலவும் அந்த ஒரு வழித்தடத்தில் நடந்தேறின. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வெளியே எழுந்த இத்தகைய சிந்தனைகளைச் சேர்க்காமல் இத்துறையின் வரலாறு முழுமையாகாது என்பதை எரிக் ஹெலைனரின் 2023-ஆம் ஆண்டு நூல் விரிவாக நிறுவுகிறது. கனடாவைச் சேர்ந்த அறிஞரான அவரே நௌரோஜியை மையத்துக்குக் கொண்டுவரும்போது, தமிழ் மாணவர் வ.உ.சி.யைப் பள்ளிப் பாடத்தோடு விட்டுவிடுவது பெரிய இழப்பு.

புதுச்சேரியில் இந்தப் படிப்புக்கான மூலப்பொருள் ஒரே சாலையில் கிடக்கிறது. நகருக்குத் தெற்கே, சுண்ணாம்பாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, படகு குழாமால் வெளியூராருக்கு அறிமுகமான நோணாங்குப்பம் இருக்கிறது. அங்கிருந்து கடலூர் சாலையில் வடக்கே வந்தால் அரியாங்குப்பம். அதன் ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் இத்தாலியில் செய்யப்பட்ட மண்பாண்டத் துண்டுகளும் அங்கே கிடைத்தன. இன்னும் வடக்கே வந்தால் முதலியார்பேட்டை, பஞ்சாலைகளின் பகுதி. சுமார் 2,000 ஆண்டுக் கடல் வணிகத்தின் தடயம் ஒரு மாணவர் மிதிவண்டியில் சென்று பார்க்கும் தொலைவுக்குள் அடங்கிவிடுகிறது.

புதுச்சேரி தரும் மிக வளமான பாடம் நீலத் துணி. புதுச்சேரியிலும் சுற்று வட்டாரத்திலும் நெய்து அவுரிச் சாயம் தோய்த்த பருத்தித் துணி, ‘கினே’ என்ற பெயரில் பிரெஞ்சு வணிகர்கள் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றுப் பகுதிக்குப் போயிற்று. அங்கே கிடைக்கும் கருவேலம் பிசின் ஐரோப்பியத் துணி ஆலைகளுக்கு இன்றியமையாததாக இருந்தது. பிசினை விற்ற பாலைவன வணிகர்கள் புதுச்சேரித் துணியைக் கேட்டு வாங்கினார்கள். தொட்டும் முகர்ந்தும் அசலையும் போலியையும் பிரித்தறிந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணியே நாணயமாகப் புழங்கியது. விலைகள் துணிக் கணக்கில் பேசப்பட்டன. ஐரோப்பிய ஆலைகள் மலிவான போலியை இறக்கியபோது, தரக் கட்டுப்பாட்டாலும் வரி வேறுபாட்டாலும் பிரெஞ்சு அரசு சந்தையில் தலையிட்டது. தமிழகத்துத் தறியும் ஆப்பிரிக்கப் பிசினும் பிரெஞ்சு ஆலையும் ஒரு பேரரசின் அதிகாரத்தால் இணைக்கப்பட்ட இந்த வணிகத்தைவிட, நாணயம் என்றால் என்ன, யார் அதை நாணயமாக்குகிறார்கள் என்பதை விளக்க நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி நூல்களும் கட்டுரைகளும் எழுதியிருக்கிறார்கள். சாயம் தோய்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கும் ஊரிலோ இது ஒரு வகுப்புப் பாடமாகக்கூட வேரூன்றவில்லை.

அந்தத் துணித் தொழிலின் தொடர்ச்சியாக எழுந்தவை ஆலைகள். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியின் சவானா ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். பிரான்ஸில் லியோன் பிளம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அங்குள்ள தொழிலாளர்கள் ஜூன் மாதமே பெரும் உரிமைகளை வென்றிருந்தார்கள். புதுச்சேரியில் எட்டு மணி நேர வேலை சட்டமானது 1937-இல். ஒரு பேரரசின் தலைநகரில் நடக்கும் அரசியல் மாற்றம் அதன் குடியேற்றத்தில் கூலியாகவும் வேலை நேரமாகவும் வந்து சேர்வதற்கு எவ்வளவு காலமும் எவ்வளவு உயிரும் ஆகிறது என்பது இத்துறையின் மையக் கேள்விகளில் ஒன்று. வ.சுப்பையா தலைமையில் இங்கே எழுந்த தொழிற்சங்க இயக்கத்தின் வரலாறு, அந்தக் கேள்விக்கான களஞ்சியம்.

புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த வரலாறும் அப்படியே. பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே 1941-இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் 1949-இல் முடிவுக்கு வந்தது. எல்லையில் சுங்கச் சாவடிகள் எழுந்தன. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களிப்பதற்கு முன், சரக்கு நடமாட்டத்தின் மீதான இந்த நெருக்கடி ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருந்தது. பொருளாதாரத் தடைகளைப் பற்றிப் படிக்கும் மாணவர் ஈரானையும் ரஷ்யாவையும் மட்டும் படித்தால் போதாது.

பழைய வரலாறு போலவே இன்றைய கடலும் பாடம் தருகிறது. உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூன் 17 அன்று மீன்பிடி மானியங்கள் குறித்த ஒப்பந்தத்தை ஏற்றது. சட்டவிரோத மீன்பிடிப்புக்கும், மிகையாகப் பிடித்து வற்றிப்போன மீன் இனங்களைப் பிடிப்பதற்கும், கட்டுப்பாடற்ற ஆழ்கடல் மீன்பிடிப்புக்கும் அரசுகள் மானியம் தருவதை அது தடுக்கிறது. உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் அளித்ததும் 2025 செப்டம்பர் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அப்போது இந்தியா அதை ஏற்றிருக்கவில்லை. தொலைதூரக் கடல்களில் பெருங்கப்பல்களை ஓட்டி மீன்வளத்தைக் குறைத்த நாடுகளே பொறுப்பேற்க வேண்டும், வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்பது இந்தியாவின் வாதம். மிகைத் திறனுக்கு, அதாவது மீன்வளம் தாங்கும் அளவை மீறிப் படகுகளும் வலைகளும் பெருகுவதற்கு, தரப்படும் மானியங்கள் பற்றிய இரண்டாம் கட்டப் பேச்சு 2024-இல் அபுதாபியில் முடிவின்றிக் கலைந்தது. நடைமுறைக்கு வந்த நான்கு ஆண்டுக்குள் இந்த மானியங்களையும் அடக்கிய விரிவான விதிகள் உருவாகாவிட்டால், அமைப்பின் பொதுக்குழு வேறு முடிவு எடுத்தாலன்றி, ஒப்பந்தமே காலாவதியாகிவிடும் என்று அதன் பிரிவு ஒன்று சொல்கிறது.

டீசலுக்கான வரிச்சலுகை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்கால நிவாரணம், படகுக்கும் எஞ்சினுக்கும் தரப்படும் உதவி ஆகியவற்றில் எது விதிக்குள் வரும், எது வராது என்பதை வீராம்பட்டினத்திலோ நல்லவாட்டிலோ மீனவர் கேட்டால் விளக்கிச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்தக் கரையில் மிகைத் திறன் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பல நாடுகளிலிருந்து வந்த நிவாரண நிதி பைபர் படகுகளாகக் கரையில் இறங்கியது. கடலில் மீன் பெருகவில்லை, படகு பெருகியது. மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையைப் பற்றி ஊருக்கு ஊர் மூளும் பகையை அந்தப் பின்னணியில்லாமல் புரிந்துகொள்ள முடியாது. கொடையாக வந்த படகையே குற்றமாகப் பின்னர் எண்ணும் உலக ஒழுங்கைத் தட்டிக்கேட்கச் சட்டமும் கணக்கும் கடலும் ஒருசேரத் தெரிந்தவர்கள் வேண்டும். மீனவரின் பக்கம் நின்று பேசவும் அவர்களே வேண்டும். கடலின் வளம் குறைந்துவருகிறது என்ற உண்மையை மீனவரிடம் எடுத்துச் சொல்லவும் அவர்களே வேண்டும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரின் பின்னலாடையும் கிழக்குக் கரையின் இறாலும் ஒரே நாளில் அடிவாங்கின. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டம் என்று அதில் பாதிக்குக் காரணம் சொல்லப்பட்டது. எண்ணெய் வாங்கியது யாரோ. விலை கொடுத்தது இறால் பண்ணையும் தையல் கூடமும். இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துக் காட்டும் பயிற்சியைத் தனிப் பொருளாதாரப் பட்டமோ தனி அரசியல் பட்டமோ தருவதில்லை.

இப்படிப்பு எப்படி அமைய வேண்டும் என்பதில் குழப்பம் தேவையில்லை. முதல் ஆண்டில் பன்னாட்டு வணிகம், நாணயம், புள்ளியியல் ஆகியவை உறுதியாகக் கற்பிக்கப்பட வேண்டும். கணக்குத் தெரியாத அரசியல் பொருளாதாரம் மேடைப் பேச்சாகிவிடும். ஸ்ட்ரேஞ்ச், கில்பின் ஆகியோரோடு நௌரோஜியும் சுப்ரமணிய ஐயரும் அதே பருவத்தில் படிக்கப்பட வேண்டும். இரண்டாம் ஆண்டின் ஆய்வேடு களத்திலிருந்து எழுதப்பட வேண்டும். ரோடியர் ஆலையாக 1898-இல் தொடங்கி 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலையின் வீழ்ச்சியில் நிர்வாகத்துக்கு எவ்வளவு பங்கு, 2004 முடிவோடு உலகத் துணி வணிகத்தில் ஒதுக்கீட்டு முறை நீங்கியதற்கு எவ்வளவு பங்கு, 2011 தானே புயலுக்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் முழுமையாக எழுதப்படாத ஆய்வு. பிரான்ஸிலிருந்து வரும் ஓய்வூதியம் நகரின் வீட்டு மனை விலையை எப்படி மாற்றியது என்பது இன்னொன்று. பிரெஞ்சு மொழி ஒரு தாளாக இருப்பது அவசியம். தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையத்திலும், 1827-இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலன் நூலகத்திலும், 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் உள்ளவற்றைப் படிக்க அது இல்லாமல் வழியில்லை.

தமிழும் அவ்வளவே அவசியம். மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலை நுழைவுத் தேர்வில் மொழிப்பாடங்கள் நீங்கலாகப் பெரும்பாலான தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கின்றன. தமிழ்வழியில் படித்த மீனவர் வீட்டுப் பிள்ளை அங்கேயே விலக்கப்பட்டுவிடுகிறார். தேர்வைத் தமிழிலும் எழுதவும், ஆய்வேட்டைத் தமிழில் சமர்ப்பிக்கவும் அனுமதி வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்குத் தரமான தமிழ்ப் பாடநூல் எழுதுவது இத்துறையின் முதல் பணிகளில் ஒன்றாக இருக்கட்டும்.

வேலை கிடைக்குமா என்ற கேள்வி எழும், அது நியாயமானது. ஏற்றுமதி நிறுவனங்கள், வங்கிகள், மீன்வளத் துறை, தொழிற்சங்கங்கள், இதழியல், வெளியுறவுப் பணி, ஆய்வு நிறுவனங்கள் ஆகிய இடங்களில் இப்படிப்பு பெற்றவர்களுக்குத் தேவை இருக்கிறது. இன்று இந்தப் பட்டத்துக்காக லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ போகும் குடும்பங்கள் மனையை விற்றோ கடன் வாங்கியோ பல லட்சம் செலவிடுகின்றன. அந்த வசதி இல்லாதவர்களுக்குக் கதவு மூடியே இருக்கிறது. பொது நிதியில் நடக்கும் படிப்பால்தான் அதைத் திறக்க முடியும்.

காலாப்பட்டில் 1985 முதல் இயங்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தில் அரசியல், பொருளாதாரம், வரலாறு, பிரெஞ்சு ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இலாசுப்பேட்டையில் காஞ்சி மாமுனிவர் அரசு பட்டமேற்படிப்பு நிறுவனம் இருக்கிறது. புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. துறைகளுக்கு நடுவே உள்ள சுவரைத் தாண்டும் முடிவுதான் வேண்டும். பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு இந்தப் படிப்புக்கான பாடத்திட்டத்தை வரும் கல்வியாண்டுக்குள் இறுதி செய்ய வேண்டும். புதுச்சேரி அரசு, கரையோர ஊர்களிலிருந்தும் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் வரும் மாணவர்களின் கட்டணம் முழுவதையும் ஏற்று, அதற்கான நிதியை அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.